எந்திரி பாயும் திறந்து கிடந்த ஃபோல்டரும்

கம்ப்யூட்டர் வேலை என்றாலே உட்கார்ந்து செய்கிற வேலைதான். அதை நின்றுகொண்டு செய்தவர், பக்கத்தில் இருந்தவர்களையும் நிற்க வைத்தவர், எனக்குத் தெரிந்து இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் எந்திரி பாய். அவருக்கு நிஜப் பெயர் ஒன்று உண்டு. கல்யாணப் பத்திரிகை கைக்கு வரும்வரை எங்களில் யாருக்கும் அது தெரியாது.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம், ஒரு மருந்துக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். மாமல்லபுரம் கடலோர ரிசார்ட்டுகளுக்கு வெப்சைட் போட்டுக் கொடுப்போம். எல்லாம் ரெடிமேட் மென்பொருள். சர்வரில் ஏற்றி இன்ஸ்டால் செய்துவிட்டால், அதன்பின் ரிசார்ட்காரரே உள்ளே போய் அறைப் படங்களை மாற்றிக்கொள்ளலாம். சிக்கல் ஒன்றுதான். இன்ஸ்டால் ஆகும்போது அந்த மென்பொருள் சில ஃபோல்டர்களுக்குள் எழுத வேண்டும். அனுமதி இல்லையென்றால் சிவப்பு எழுத்தில் முறைத்துக்கொண்டு நின்றுவிடும். அந்த ஃபோல்டருக்கு 777 என்று மூன்று ஏழு போட்டால் யார் வேண்டுமானாலும் எழுதலாம், சிவப்பு பச்சையாகிவிடும். வேலை முடிந்ததும் 755 போட்டு மூட வேண்டும். ஊரில் பாதிப் பேர் அதை மறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, சாவகாசமாக மூன்று ஏழைத் தட்டினேன். பின்னால் ஒரு நாற்காலி தடாலென்று விழுந்தது.

"எந்திரி."

திரும்பிப் பார்த்தால், கோவளத்துக்காரர் ஒருவர் பேயைப் பார்த்த முகத்தோடு நிற்கிறார். அவர்தான் பாய். முப்பது வயதிருக்கும். பதறிப்போய் எழுந்தேன்.

"இன்னா போட்ட?"

"777 சார்."

"மொத ஏழு வூட்டுக்காரனுக்கு. ரெண்டாவது அவன் சொந்தக்காரனுக்கு. மூணாவது யாருக்கு தெரியுமா? ரோட்ல போறவனுக்கு. அவன் கைல இன்னாத்துக்கு நைனா பீரோ சாவிய குடுக்குற?"

"இன்ஸ்டால் ஆவணுமே சார்."

"ஆவட்டும். அது வரிக்கும் நில்லு. உக்காந்தா மறந்துடுவ. நின்னா கால் நோவும். கால் நோவுனாத்தான் மூடணும்னு ஞாபகம் வரும்."

இதுதான் ஆபீஸ் சட்டம் என்று அப்புறம் தெரிந்தது. எந்த ஃபோல்டராவது திறந்திருந்தால், முதலாளி உட்பட எல்லோரும் நிற்க வேண்டும். டீ கிடையாது, பாத்ரூம் கிடையாது. முதலாளியும் முனகிக்கொண்டே நிற்பார். ஏனென்றால் பாய் வேலை பார்த்த ஒரு சைட்டில்கூட அதுவரை திருடன் நுழைந்ததில்லை.

ஒருமுறை ரிசார்ட் அதிபர் ஒருவர் வேலையைப் பார்க்க வந்திருந்தார். முட்டி வலிக்காரர். கஷ்டப்பட்டு உட்கார்ந்த மறு நிமிடம் பாய் "எந்திரிங்க சார்" என்றார். அதிபர் அரண்டுபோய் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"இன்னாபா, யாராச்சும் பெரிய ஆளு வராங்களா?"

"எவனும் வரக் கூடாதுன்னுதான் சார் நிக்கிறோம்."

இன்னொரு நாள், ஃபோல்டர் திறந்திருக்கும்போது கரண்டு போய்விட்டது. ஊர் முழுக்க இருட்டு. ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு, பாய் கீழே ஓடி, மறைமலைநகர் ஃபேக்டரிக்குப் போகிற கம்பெனி பஸ்ஸை மறித்தார். நானும் தொற்றிக்கொண்டேன். பஸ்ஸில் பாதி சீட்டு காலி.

"எடம் கீதே பாய், உக்காரு" என்றார் டிரைவர்.

"மூடாம உக்கார முடியாதுண்ணே."

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் வெளியே வேடிக்கை பார்த்தேன். மறைமலைநகரில் கரண்டு இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் 755 போட்டுவிட்டுத்தான் மனிதர் நாற்காலியைத் தொட்டார்.

அவருடைய நிக்காஹ் கோவளத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாமனார் செங்கல்பட்டு அரிசி மண்டிக்காரர், கறாரானவர். பாய் கோட்டு, தொப்பி, மல்லிகை மாலை சகிதமாக மேடையில் உட்கார்ந்திருந்தார். நிக்காஹ் ஓதி வைக்க வந்த ஹஜ்ரத் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கைகொடுக்க நான் மேடை ஏறினேன்.

"நேத்து ரிசார்ட் வேலைய முடிச்சியா?"

"முடிச்சிட்டேன் பாய்."

"மூடுனியா?"

முதல் நாள் சாயந்திரம், ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில், திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு வந்திருந்தேன். நான் தனியாகச் செய்த முதல் சைட் அது. சொதப்பினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று முதலாளி எச்சரித்திருந்தார். அவர் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். நான் முதலாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தேன்.

மாப்பிள்ளை எழுந்தார். ஏதோ சம்பிரதாயம் போலிருக்கிறது என்று ஹஜ்ரத்தும் எழுந்தார். மண்டபமே எழுந்தது. பாய் மாலையோடு இறங்கி, என் டிவிஎஸ் சாவியைப் பிடுங்கி, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்தார்.

பிரவுசிங் சென்டரில் திறந்து பார்த்தோம். அறைப் படங்களுக்கு நடுவில் நாங்கள் போடாத ஒரு ஃபைல். எவனோ விடிவதற்குள் நுழைந்திருக்கிறான். பாய் அதை அழித்தார், மற்ற ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் துழாவினார், மூடினார். நாற்பது நிமிடம் ஆனது. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

திரும்பி வந்தால், மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்று மண்டபம் கொதித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே பெண் அழுகிற சத்தம் வாசல் வரை கேட்கிறது. வாசலில் மாமனார், அவர் பக்கத்தில் முதலாளி.

"எங்க போன?" என்றார் மாமனார்.

"சர்வர்ல ஒரு ஃபோல்டர் தொறந்து கெடந்துது மாமா. ஒங்க அரிசி குடோன் கதவு மாதிரி. மூடிட்டு வந்தேன்."

முதலாளி முகம் மாறியது. "எவன்யா தொறந்து வுட்டது?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான்தான் சார். கல்யாண நெனப்புல மறந்துட்டேன்."

சொன்னது பாய். மாமனார் அவரை மேலும் கீழும் பார்த்தார். "இவ்ளோ மறதிக்காரனுக்கா என் பொண்ண குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வாசலை மறித்து நின்றார். வாயைத் திறக்கலாமா என்று நான் தவித்தேன், திறக்கவில்லை. கடைசியில் அவரே கேட்டார்.

"போனியே, கதவ மூடிட்டியா?"

"மூடிட்டேன் மாமா."

"அப்ப வா."

நிக்காஹ் நடந்தது. விருந்தில் பாயிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "பேசாம பிரியாணி துன்னு" என்றார்.

இத்தனை வருடமாக, நான் எப்போது அவர் வீட்டுக்குப் போனாலும் அண்ணி, "நிக்காஹ் அன்னிக்கே மறந்துட்டு ஓடுன மனுசன்" என்று அவரைக் கிண்டல் செய்கிறார். பாய் சிரிக்கிறாரே தவிர, ஒருநாளும் என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. அண்ணி, நான் இதை எழுதுகிற இந்தப் பத்திரிகையை நீங்கள் வாராவாரம் வாங்குவது எனக்குத் தெரியும். அன்று மறந்தது நான். உங்கள் வீட்டுக்காரர் வாழ்நாளில் எதையும் மறந்தவர் இல்லை.