நாலு ஓட்டை பட்டன்

தங்கதுரைக்குப் பட்டனைக் கண்டால் பயம். பாம்புக்குப் பயமில்லை. பல்லிக்குப் பயமில்லை. நாலு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பட்டன் ஒன்று தரையில் கிடந்தால் போதும், பிடரி வேர்த்துவிடும், நெஞ்சு பெல்ட் அறுந்த மெஷின் மாதிரி ஓடும். ஏன் என்று அவருக்கே தெரியாது. அது நாலு கண்ணால் தன்னைப் பார்க்கிறது என்று சொல்லியிருப்பார், யாராவது கேட்டிருந்தால். ஐம்பத்திரண்டு வயதுவரை யாரும் கேட்காமல் பார்த்துக்கொண்டதுதான் அவருடைய சாமர்த்தியம்.

வேறு எந்த ஊரில் பிறந்திருந்தாலும் தப்பித்திருப்பார். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தார்.

பன்னிரண்டு மெஷின். ரவுண்ட் நெக் மட்டும். காலர் பனியன் என்றால் கழுத்தடியில் மூன்று பட்டன் வரும், அதனால் காலரே வேண்டாம். கேட்டவர்களிடம் ரவுண்ட் நெக்குதான் நமக்கு ராசி என்றார். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அதையே போட்டுக்கொண்டு போனார். சொந்தச் சரக்கையே போடுகிறார், எவ்வளவு எளிமையான முதலாளி என்று ஊர் மெச்சியது. ஒருமுறை நெஞ்சு படபடக்கிறதென்று கோயம்புத்தூர் போய் இசிஜி எடுத்தார். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. டாக்டரின் வெள்ளைக் கோட்டில்தான் ஐந்து பட்டன் இருந்தது. அதை அந்த டாக்டரிடமே எப்படிச் சொல்வது?

மகள் தரணி சின்னப் பெண்ணாக இருந்தபோது, மற்ற அப்பாக்கள் பிள்ளையை ஸ்கூட்டரின் முன்னால் நிறுத்திக்கொண்டு பள்ளிக்குப் போனார்கள். இவர் பின்னால் உட்கார வைத்தார். பாதி வழியில், பள்ளிச் சட்டையின் பட்டன் வரிசை முதுகில் படுகிறதென்று தெரிந்ததும், ஆட்டோவுக்கு மாற்றிவிட்டார். பயத்துக்கு ஒதுங்கி வழி விட்டால் அது போய்விடுவதில்லை. வீட்டுக்குள் வந்து, எந்த நாற்காலியில் உட்காரலாம் என்று பார்க்கிறது.

இந்த ஆடியில் ரவுண்ட் நெக் ஆர்டர் அடியோடு நின்றுபோனது. ஏஜென்ட் அப்புசாமி வந்து டீயை ஆற்றிக்கொண்டே, காலர் பனியன் மட்டும்தான் இருக்கிறது என்றார். வேண்டாமென்றால் அடுத்த வாரம் உங்கள் டெய்லர்கள் வேறு கம்பெனியில் உட்கார்ந்திருப்பார்கள் என்றும் சொன்னார்.

தங்கதுரை இரண்டு நாள் யோசித்து ஒரு மகத்தான திட்டம் போட்டார். வெட்டுவதும் தைப்பதும் காலர் வைப்பதும் இங்கே. பட்டன் நுழையக் காஜா எடுத்து, பட்டன் வைப்பது மட்டும் வெளியே. அங்கேயே மடித்து, பெட்டியில் போட்டு ஒட்டி, நேராகக் கன்டெய்னருக்கு. ஒரு பட்டன்கூடக் கம்பெனி வாசலை மிதிக்காது. மெஷினும் ஓடும், மானமும் நிற்கும்.

"காஜா பட்டனுக்கு நல்ல கையாப் பாருங்க," என்று மறுபடி டீ குடிக்க வந்த அப்புசாமியிடம் சொன்னார். "ஒண்ணே ஒண்ணு. ஊட்டுல தெரிய வேண்டாமுங்க."

தெரிந்தால் மனைவி நாகஜோதி, இருபத்துநாலு வருட ராசி ஏன் மாறியது என்று கேட்பாள். மாறியதுதான் மாறியது, பட்டனை மட்டும் ஏன் வெளியே கொடுக்கிறீர்கள் என்று கேட்பாள். அவள் கேட்க ஆரம்பித்தால் தையல் பிரிவதுபோல ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரைக்கும் பிரித்துவிடுவாள்.

அப்புசாமி டீயை ஒரே மடக்கில் குடித்து முடித்தார். ஒரு அக்கா இருக்கிறார்கள், சுத்தமான வேலை, சொன்ன தேதிக்குச் சரக்கு வந்துவிடும் என்றார். அவரையே பிடியுங்கள் என்றார் தங்கதுரை.

பத்து நாள் திட்டம் பட்டுத் துணிபோல ஓடியது. மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். மாடியில் நாகஜோதி இரண்டு வருடமாகப் பெண்களுக்கு ஜாக்கெட் தையல் வகுப்பு நடத்துகிறாள். பொம்பளைகள் வந்துபோகிற இடம், நீங்கள் மேலே வர வேண்டாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். மரியாதை தெரிந்த மனிதர், படியேறியதே இல்லை. மேலே டக்டக்கென்று கேட்கும் சத்தம் கொக்கி வைக்கிற மெஷின் என்றாள். கொக்கிக்கு அவருக்குப் பயமில்லை. அந்தச் சத்தம் இல்லாவிட்டால் இப்போது தூக்கமே வருவதில்லை.

"கிளாசுல கூட்டம் சேர்ந்துட்டாப்பல இருக்குது?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஆமாங்க. இந்த வாரம் வேலை சாஸ்தி," என்று ரசம் ஊற்றினாள் நாகஜோதி.

பதினோராம் நாள் டெம்போக்காரன் வரவில்லை. மடத்துக்குளத்தில் கல்யாணம் என்று போய்விட்டான். கடைசிக் கட்டு காஜா பட்டனுக்குப் போக வேண்டும், மறுநாள் கன்டெய்னர். தங்கதுரை கட்டைத் தன் ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினார். வாசலில் போட்டுவிட்டு, பெல்லை அடித்துவிட்டு ஓடிவந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு அப்புசாமிக்கு போன் போட்டு வழி கேட்டார்.

"கம்பெனி வாசல்லிருந்து வலதுகைப் பக்கம் வாங்க."

வந்தார்.

"பிள்ளையார் கோயில் தாண்டி ரெண்டாவது சந்து."

"எங்க சந்துங்களா?"

"அதேதானுங்க. வேப்பமரத்துக்கு எதிர்த்தாப்பல பச்சை கேட்டு இருக்கும்."

"அப்புசாமி, பச்சை கேட்டு எங்க ஊடுங்க."

"ஆமாங்க. உள்ள வந்தீங்கன்னா மாடிப்படி இருக்கும் பாருங்க," என்று சொல்லிவிட்டு அப்புசாமி போனை வைத்துவிட்டார்.

கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு தங்கதுரை தம் சொந்த மாடிப்படியை முதல்முறையாக எண்ணினார். பதினெட்டு. மேலே கதவைத் திறந்தவள் ஒச்சாயி, உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். ஒருகாலத்தில் இவர் கம்பெனியில், புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கொடுக்கிற நூல் பிசிறு வெட்டும் வேலை பார்த்தவள்தான்.

"அக்கா, அண்ணனே வந்துட்டாக," என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

அவள் தோளுக்கு மேலாக அவருக்குத் தெரிந்தது. மூன்று காஜா மெஷின், இரண்டு பட்டன் மெஷின். சுவரோரமாகப் பெயிண்ட் வாளிகள். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் நீலம், ஒன்றில் சாம்பல், எல்லாம் விளிம்புவரை பட்டன். பிடரி வேர்த்தது. கட்டு நழுவியது. அவரும் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

நாகஜோதி வெளியே வந்தாள். கதவை முக்கால்வாசி சாத்தினாள். தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்துவிட்டு, பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். உள்ளே மெஷின் டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. வேர்வை வந்தது, நிறைய வந்தது, பிறகு கொஞ்சம் குறைந்தது. ஓடிவிடாமல் அது குறைகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தது தங்கதுரையின் ஆயுளில் இதுதான் முதல் தடவை.

"எப்ப இருந்து தெரியும்?" என்றார்.

"கல்யாணத்தன்னைக்கேங்க. மாப்பிள்ளைச் சட்டையில ஒரு பட்டன்கூட இல்லை, அஞ்சு ஊக்குக் குத்தியிருந்தீங்க. மாப்பிள்ளை ஊட்டுல ஊசி நூல் வாங்கக்கூட வழியில்லையான்னு எங்கப்பன் எங்கூரு சேவூர் போய்ச் சேர்ற வரைக்கும் அழுதுட்டே போனாரு."

"ஏம்புள்ள, ஒரு வார்த்தை சொல்லலாமில்ல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்துட்டிருந்தேனுங்க."

மற்றதை மெதுவாகச் சொன்னாள். அப்பா ஏன் என்னை ஆட்டோவுக்கு மாற்றினார் என்று தரணி காலேஜ் போன வயதில் கேட்டாளாம். தாயும் மகளும் ஒரு மனநல டாக்டரம்மாவைப் பார்த்திருக்கிறார்கள். இது கோழைத்தனமில்லை, ஒரு வகை நோய், ஆளே வந்தால் நல்லது, வராவிட்டால் முகத்துக்கு நேரே நீட்டி மிரட்டாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவாருங்கள் என்றாராம். முதல் வருடம் நாகஜோதி அப்புசாமியின் குடோனில் ஒரு மெஷின் போட்டாள். அடுத்த வருடம் எதிர்த்த தெருவுக்குக் கொண்டுவந்தாள். அப்புறம் மாடிக்கு. அவர் வேண்டாமென்று திருப்பிவிட்ட காலர் ஆர்டரை யார் தைத்தாலும் காஜா பட்டனுக்கு இங்கேதான் வந்திருக்கிறது.

"ரெண்டு வருசமா இதுக்கடியிலதான் தூங்கறீங்க. குறட்டை மேல வரைக்கும் கேக்குதுங்க."

"அப்ப டெம்போக்காரன்?"

"அவனுக்கு லீவு குடுத்ததே நான்தானுங்க. நீங்களா நடந்து வர்றதுதான் அடுத்த படின்னாங்க டாக்டரம்மா."

தங்கதுரை தொண்டையைச் செருமிக்கொண்டார். என்ன இருந்தாலும் முதலாளி. என் கம்பெனியையும் மாடியில் இருக்கிற கம்பெனியையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாம், நாளையிலிருந்து இதையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பெருந்தன்மையாக அறிவித்தார்.

நாகஜோதி எழுந்து கதவை ஒரு சாண் திறந்து வைத்தாள்.

"மொதல்ல ஒரு மாசம் இந்தப் படியில உக்காந்து பிசிறு வெட்டுங்க, அப்புறம் உள்ள வரலாம்," என்றாள். "காலையில எட்டரைக்கு வந்துருங்க. லேட்டா வந்தா அரை ஷிப்ட்டுக் கூலிதான் போடுவேன்."