பன்னீர்ச் செம்பில் நீலகிரித் தைலம்

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன பெண்ணைப்போல ஆபத்தான பிராணி வேறு கிடையாது. புலி பசித்தால்தான் பாயும். இவள் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தாலே பாய்வாள். நானே அந்தப் பிராணியாக இருந்தவள் என்பதால் அதிகாரத்தோடு சொல்கிறேன். (இப்போது திருந்திவிட்டாயா என்று கேட்காதீர்கள். நகத்தை வெட்டிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.)

யுத்தத்துக்குச் சில வருஷங்களுக்கு முன் நடந்தது இது. வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் மதுரையில் ஒரு போர்டிங்கில் தங்கி நாலாம் பாரம் படித்துக்கொண்டிருந்தேன். என் அப்பாவை நாங்கள் ஐயா என்று கூப்பிடுவோம். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். ஆத்தாவுக்கு அதுவும் தெரியாது. அக்கா பாக்கியத்தைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவே இல்லை. மாட்டுத்தொழுவத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. ஆகவே எங்கள் வம்சத்தின் மொத்த அறிவும் என் ஒருத்தி தலையில்தான் இருக்கிறது என்று நான் நம்பினேன். அந்தத் தலையை எவ்வளவு உயரத்தில் வைத்துக்கொண்டு நடந்தேன் என்றால், எங்கள் வீட்டு நிலைப்படியில் இரண்டு தடவை இடித்துக்கொண்டேன். அது குட்டையாகக் கட்டிய கொத்தனாரின் அறியாமை என்று விளக்கமும் சொன்னேன்.

போர்டிங் வார்டனம்மாவுக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று: நீலகிரித் தைலம். தலைவலியா, நெற்றியில் தைலம். ஜலதோஷமா, கைக்குட்டையில் தைலம். பல்வலியா, பஞ்சில் தைலம். கட்டிலில் மூட்டைப்பூச்சியா, கட்டில் காலில் தைலம். ஊர் ஞாபகம் வந்து அழுகிற பெண்ணுக்கும் மூக்கடியில் ஒரு சொட்டு வைப்பார்; அதற்குப் பிறகு அவள் அழுவதற்கு நியாயமான ஒரு காரணம் இருக்கும்.

அவருடைய அலமாரியில் வீட்டு வைத்தியத்தைப் பற்றிய ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. பழைய ராணி காலத்தில் சீமையில் அச்சானது. அதை எழுதிய துரை இந்தத் தைலத்தைப் புகழ்ந்திருந்த மாதிரி எந்தப் புலவனும் எந்த ராஜாவையும் புகழ்ந்திருக்க மாட்டான். இந்த மரத்தை நட்டால் சதுப்பு நிலத்துக் காய்ச்சல் ஓடிப்போகுமாம். அறையில் தெளித்தால் நோய் அண்டாதாம். காய்ச்சல் காலத்தில் வெளியிலிருந்து வருகிறவர்களின் துணியில் நாலு சொட்டுத் தெளித்தால் வீடு பிழைக்குமாம். இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். புரிந்த வரிகளை மட்டும்தான் எழுதினேன். புரியாத வரிகள் அவசியமில்லாத வரிகள் என்று தீர்மானிப்பது அப்போது என் வழக்கம்.

அந்தத் தை மாதம் மதுரையில் விஷக்காய்ச்சல் பரவியது. போர்டிங்கை மூடி எங்களை ஊருக்கு அனுப்பினார்கள். ஒரு கையில் நோட்டும் மறு கையில் ஒரு பெரிய பாட்டில் தைலமுமாக நான் வீட்டில் வந்து இறங்கினேன்.

அன்றைக்கே வைத்தியம் ஆரம்பமாகிவிட்டது. வாசலில் ஆத்தா செருகியிருந்த வேப்பிலையைப் பிடுங்கி எறிந்தேன். தலையணைகளில் தைலம். ஐயாவின் தலைப்பாகைத் துண்டில் தைலம். (மறுநாள் அவர் ஏரில் பூட்டப் போனபோது மாடுகள் அவரை யாரோ என்று நினைத்து மிரண்டு ஓடின.) ஆத்தா வைத்த மிளகு ரசத்தைப் பார்த்து, "இதெல்லாம் காட்டுமிராண்டி வைத்தியம்" என்றேன்.

"அந்தக் காட்டுமிராண்டி ரசத்த இன்னொரு கரண்டி ஊத்தட்டா?" என்றாள் ஆத்தா.

"ஊத்து" என்றேன். பசி வேறு, சயன்ஸ் வேறு.

அந்த வாரம்தான் அக்காவைப் பார்க்க வருவதாக இருந்தது. மதுரை சிம்மக்கல்லில் தானியக் கடை வைத்திருந்த குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா ஏற்கெனவே வந்து பேசிவிட்டுப் போயிருந்தார், ஜாதகமும் பொருந்திவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா பெண்ணைப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி. அவருக்குப் பிடித்தால் அன்றே தாம்பூலத் தட்டு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. ஆனால் அந்தம்மாளுக்குப் பிடிப்பதுதான் உலகத்தில் நடக்காத காரியம் என்று கேள்வி. ஒரு பெண்ணை நெற்றி அகலம் என்று வேண்டாம் என்றாராம். இன்னொருத்தியைக் காது சின்னது என்றாராம். மூன்றாமவள் நடக்கும்போது தரை அதிர்ந்ததாம்.

அக்காவுக்கு இருபத்தொரு வயது. ஏற்கெனவே இரண்டு இடம் வந்து தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் இனி இரண்டாம் தாரமாகத்தான் கொடுக்க வேண்டும் என்று ஊரில் ஐயாவின் காதுபடவே பேசினார்கள். அக்கா யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், காலையில் தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"இந்த எடமும் போச்சுன்னா சாகுற மட்டும் இந்தத் தொழுவுல சாணி அள்ள வேண்டியதுதான். அடியே, இன்னைக்கு ஒரு நாள் நீ வாயத் தொறக்காம இரு."

"நான் ஏன் பேசப்போறேன்?"

"நீ பேசணும்னு இல்ல. நின்னாலே பேசுன மாதிரிதான் இருக்கு."

நான் மன்னித்தேன். படிக்காதவள்.

டவுன் ஆட்களுக்குக் குறைச்சல் இல்லாமல் வரவேற்க வேண்டும் என்று ஐயா மணியக்காரர் வீட்டிலிருந்து வெள்ளிப் பன்னீர்ச் செம்பை இரவல் வாங்கி வந்திருந்தார். வாசலில் நின்று வருகிறவர்கள்மேல் பன்னீர் தெளிக்கும் பொறுப்பு எனக்கு. "படிச்ச புள்ள, பாங்காச் செய்யும்" என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். பாவம் ஐயா.

செம்பைக் கையில் வாங்கியதும் என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. வருகிறவர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? மதுரையிலிருந்து. மதுரையில் என்ன இருக்கிறது? காய்ச்சல். வெளியிலிருந்து வருகிறவர்களின் துணியில் தெளிக்க வேண்டியது என்ன? நோட்டில் இருக்கிறது. கொல்லைப்பக்கம் போய்ப் பாதிப் பன்னீரைச் செடியில் கொட்டிவிட்டு, பாட்டிலில் மிச்சமிருந்த தைலம் முழுவதையும் செம்பில் ஊற்றிக் குலுக்கினேன். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பது ரசம் தாளிக்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் இது இங்கிலீஷ் எண்ணெய். இது கொஞ்சம் நாகரிகமாக நடந்துகொள்ளும் என்று எண்ணினேன். வாசனை காட்டிக்கொடுக்கவும் இல்லை. மூன்று நாளாக வீடே அந்த வாசனையில்தான் ஊறிக்கொண்டிருந்தது.

வாடிப்பட்டி ஸ்டேஷனிலிருந்து இரண்டு வண்டியில் வந்து இறங்கினார்கள். முதலில் ஆண்கள். செம்பைக் கவிழ்த்து மாப்பிள்ளையின் அப்பாமேல் தெளித்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்ல பன்னீரு" என்று ஐயாவைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத் திகைப்பாக இருந்தது. அடுத்தவருக்குத் தெளித்தேன். அவரும் சிரித்தார். மருந்து வரவே இல்லை. செம்பைக் கவிழ்த்தால் எண்ணெய் மேலே போய்விடும், பன்னீர்தான் மூக்கு வழியாக முதலில் வரும் என்பதை யோசிக்க எனக்கு அந்த வாசலில் அவகாசம் இல்லை. ஆண்கள் எல்லாரும் உள்ளே போனபோது செம்பில் பன்னீர் தீர்ந்திருந்தது.

பிறகு பெண்கள். முன்னால் வந்தவர் மாப்பிள்ளையின் அம்மா. பெண்ணைப் பார்ப்பதற்கு முன் பெண்ணின் தங்கையைப் பார்த்து வம்சத்தை எடைபோடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, நேராக என் முகத்துக்கு முன் வந்து, கண்ணை அகல விரித்துக்கொண்டு குனிந்தார். மருந்து இந்தத் தடவையாவது வர வேண்டுமே என்று நான் பலம் கொண்ட மட்டும் மூன்று தடவை உதறினேன்.

வந்தது.

"ஆத்தாடி, என் கண்ணு" என்று அவர் கோலத்தின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த பெண்கள் வண்டிக்கே திரும்ப ஓடினார்கள். உள்ளே போன ஆண்கள் வெளியே ஓடிவந்தார்கள்.

"என்னத்தத் தாயி தெளிச்ச?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

இந்த இடத்தில் நான் அழுதிருக்கலாம். மயக்கம் போட்டிருக்கலாம். ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். நான் விளக்கம் சொன்னேன்.

"பயப்படாதீக. இது காய்ச்சல் கிருமியக் கொல்லுற தைலம். ஒங்க ஊர்ல இருந்து வார வியாதி எங்களுக்கு ஒட்டிறக் கூடாதுல்ல, அதுக்குத்தான்."

ஐயாவின் தோளிலிருந்து துண்டு நழுவி விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"அப்ப நாங்க வியாதியக் கொண்டாந்திருக்கோம்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா, நிதானமாக. "வண்டியத் திருப்புங்கப்பா."

அப்போதுதான் அக்கா வெளியே வந்தாள். கூப்பிடுவதற்கு முன் பெண் வாசலுக்கு வரக் கூடாது; அதுவும் பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு குடம் தண்ணீரோடு வரவே கூடாது. அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தத் தண்ணீர் யாருக்கு வருகிறது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. தண்ணீர் மட்டுமா, குடமும் சேர்ந்தா என்பதில்தான் சந்தேகம். அவள் குடத்தை ஓங்கியதும், நாலாம் பாரத்து வீராங்கனையான நான், தரையில் உட்கார்ந்திருந்த அந்தம்மாளின் முதுகுக்குப் பின்னால் பதுங்கினேன்.

முழுக் குடத்தில் பாதி அவர் முகத்தில் போய் அறைந்தது.

இதோடு எங்கள் வம்சமே முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ, "அப்பாடா" என்றார். "இன்னும் ஊத்து தாயி. இப்பத்தான் எரிச்சல் கொறையுது."

அக்கா குடத்தை இறக்கி வைத்தாள். பிறகு, எழுதப் படிக்கத் தெரியாத என் அக்கா, நான் ஏழு பிறவி படித்தாலும் செய்ய முடியாத காரியத்தைச் செய்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சத் தண்ணீரைக் கையில் ஏந்தி ஏந்தி அவர் கண்ணைக் கழுவினாள்.

"யாரு இது?" என்றார் அந்தம்மாள். கண் இரண்டும் இலந்தைப் பழம்போல வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தது.

"பொண்ணுதான் மதினி, பாக்கியம்" என்றாள் ஆத்தா.

"இம்புட்டுப் பேரு வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறீக. இந்தப் புள்ளைக்குத்தான் தண்ணியத் தூக்கிக்கிட்டு ஓடியாரணும்னு தோணியிருக்கு."

அக்காவின் கையைப் பிடித்தவர் விடவில்லை. அவளே உள்ளே கூட்டிப்போய்ச் சேலை மாற்றிவிட்டாள்; இமைமேல் விளக்கெண்ணெய் தடவி ஈரத்துணி கட்டினாள். அவருடைய புருஷன் மட்டும் முணுமுணுத்தார்: "வந்ததே பொண்ணப் பாக்கத்தான். பாக்காமலே எப்புடி?"

"இதுவரைக்கும் பாத்துப் பாத்து என்னத்தக் கண்டோம்? தட்ட மாத்துங்க" என்றார் அந்தம்மாள், துணிக்குள்ளிருந்து. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார்: தாங்கள் வண்டி ஏறும்வரை சின்னவள் தொழுவத்தில் இருக்க வேண்டும். இருந்தேன். மாடுகள்கூட ஓரமாக ஒதுங்கிக்கொண்டன.

மணியக்காரர் வீட்டுச் செம்பைப் புளி போட்டு, சாம்பல் போட்டு, எலுமிச்சை போட்டு எத்தனையோ தடவை விளக்கிக் கொடுத்தோம். அடுத்த ஆவணியில் அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பன்னீர் தெளித்தபோது பந்தலில் பாதிப் பேர் தும்மினார்கள். நான் இப்போது ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் நடத்துகிறேன். சர்க்கார் தைரியசாலிதான்.

அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். சாந்தமான பெண் என்று நம்பிக் கூட்டிப்போனவளுக்கு எவ்வளவு நீளமான நாக்கு என்பது அவள் மாமியாருக்கு ஒரே மாதத்தில் தெரிந்துவிட்டது. இருவரும் சண்டை போட்டால் சிம்மக்கல்லில் நாலு கடை தள்ளிக் கேட்கும். நான் போகிற நாளில் கட்டாயம் நடக்கும். சண்டை முற்றினால் அந்தம்மாள் தெருவில் போகிறவர்களையெல்லாம் சாட்சிக்குக் கூப்பிடுவார்:

"கண்ணத் தொறந்துக்கிட்டா இவள எடுத்தேன்? தைலத்த ஊத்திக் கண்ண அவிச்சுல்ல என் தலையில கட்டுனாக."

"அன்னைக்கு அந்தத் தண்ணிய நான் ஒண்ணும் ஒங்களுக்குக் கொண்டாரல அயித்தை" என்பாள் அக்கா, அடுப்படியிலிருந்து.

உடனே சண்டை நின்றுவிடும். மாமியாரும் மருமகளும் ஒரே சமயத்தில் திரும்பி, மூலையில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும் என்னைப் பார்ப்பார்கள்.