மொட்டை மாடித் தேனீக்களின் பணியிட மாற்றம்

முதலில் கேட்டது ‘ங்ங்ங்’ என்றொரு ரீங்காரம். புதிதாகப் பொறுப்பேற்ற அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

“என்னய்யா அது, மின்விசிறியா?”

“இல்லீங்க சார், தேனீ. மொட்டை மாடியில மூணு பெட்டி இருக்கு,” என்றார் தலைமை எழுத்தர்.

அலுவலகத்துக்குத் தேனீ எதற்கு என்று கேட்பவர்கள் நாட்டு நடப்பு அறியாதவர்கள். முந்தைய அதிகாரி காலத்தில் ‘இயற்கையோடு இயைந்த அலுவலகம்’ என்ற மோகம் பரவியது. முதலில் தொட்டிச் செடி வைத்தார்கள். அது வாடியதும் பிளாஸ்டிக் செடி வைத்தார்கள். அது வாடாததால் சலிப்புத் தட்டி, தேனீப் பெட்டிகள் வாங்கினார்கள். அவற்றைப் பார்த்துக்கொள்ளும் கூடுதல் பொறுப்பு, அன்று விடுப்பில் இருந்த ஒரே தகுதியால், எல்லோரும் அக்கா என்று அழைக்கும் பதிவறை எழுத்தருக்கு வழங்கப்பட்டது. வேண்டா வெறுப்பாக மாடியேறியவர், நாளடைவில் வீட்டுக்காரரிடம் பேசுவதைவிடத் தேனீக்களிடம் அதிகம் பேச ஆரம்பித்தார். தேனக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இப்போது உயர்மட்டக் குழு ஒன்று பெட்டிகளைப் பார்வையிட வருகிறது. குழுத் தலைவருக்கு முழங்கால் வலி, படியேற மாட்டார். ஆகவே நிர்வாக நலன் கருதித் தேனீக்கள் இறங்கி வர வேண்டும் என்று முடிவாயிற்று.

“இது சரிப்படாது சார்,” என்றார் தேனக்கா. “கொஞ்ச தூரம் நகர்த்தினா, வெளியே பறக்கிறதெல்லாம் பழைய இடத்துக்கே திரும்பி வந்துடும். ஒண்ணு, ரொம்ப தூரம் கொண்டுபோகணும். இல்லே, தினம் ஒரு முழமா நகர்த்தணும்.”

“ரொம்ப தூரம்னா அது வேற அலுவலகத்தோட எல்லை,” என்றார் தலைமை எழுத்தர். “தினம் ஒரு முழம்னா தினம் ஒரு உத்தரவு. சரி, போடுறேன்னே வச்சுக்க. மாடி விளிம்புக்கு வந்த பிறகு அடுத்த முழம் எங்கம்மா? அந்தரத்திலயா?”

தேனக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

முற்பகலில் பெட்டிகள் முன்வாசல் தோட்டத்துக்கு இறங்கின. பிற்பகலில் தேனீக்கள் மாடிக்கு ஏறின. பெட்டி இருந்த வெற்றிடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியின் பக்கவாட்டில் கொத்துக் கொத்தாகத் தொங்கின.

தேனக்கா மூச்சு வாங்க ஓடி வந்தார். “வானம் இருட்டிட்டு வருது சார். ராத்திரி முழுக்க மழையில நனைஞ்சா அத்தனையும் செத்துடும். பெட்டியை மேல ஏத்திடலாம்.”

“இறக்கியாச்சுன்னு அறிக்கை போயிடுச்சேம்மா,” என்றார் அதிகாரி. “தேனீ வேற வாங்கிக்கலாம். அறிக்கை வேற வாங்க முடியுமா?”

தலைமை எழுத்தர் நிலைமையை ஆராய்ந்தார். இடமாற்றம் பெற்றவர்கள் புதிய இடத்தில் சேரவில்லை, அவ்வளவுதானே? இதற்கு விதி இருக்கிறது. பழைய சுற்றறிக்கை ஒன்றை மாதிரியாக வைத்துக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல, தட்டச்சர் அடித்தார்.

“‘மாற்றப்பட்ட இடத்தில் சேராமல், பழைய இடத்தையே சுற்றித் திரியும் அனைவர்மீதும் தயவு தாட்சண்யமின்றி நடவடிக்கை எடுக்கப்படும்.’ அடிச்சிட்டியா?”

தட்டச்சரின் விரல்கள் நின்றன. “அனைவரும்னா... தேனீ மட்டுமா சார்?”

“விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்யா!”

“அப்ப உங்களைப் போன வருஷமே எதிர்க் கட்டிடத்துக்கு மாத்தியாச்சே சார்?”

 தலைமை எழுத்தர் தினமும் எதிர்க் கட்டிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறந்துவைத்த மூக்குக்கண்ணாடியை எடுத்துப்போக இங்கே வருகிறவர். எடுத்துக்கொண்டு கிளம்ப மாலையாகிவிடும். வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்த காசாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி இருமினார். வெள்ளிக்கிழமை மதியமானால் அவருடைய கார் தானாகவே பழைய ஊர்ப் பக்கம் திரும்பிவிடும் என்று ஓட்டுநர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

“பாவம்யா, வாயில்லா ஜீவன்,” என்று அதிகாரி திடீரெனக் கனிந்தார். “மனிதாபிமான அடிப்படையில ஏதாவது செய்ய முடியாதா?”

தலைமை எழுத்தருக்குப் பொறி தட்டியது. தேனீக்கள் தோட்டத்தில்தான் பணியில் இருக்கின்றன. மாடிக்கு அயற்பணியில் அனுப்பப்படுகின்றன, அவ்வளவே! சுற்றறிக்கை கிழிபட்டது. மழைக்கு முன்னால் ஆளுக்கொரு மூலை பிடித்துப் பெட்டிகளை மேலே ஏற்றினார்கள். அறிக்கை பொய்க்காமல் இருக்க, தோட்டத்தில் மூன்று காலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன.

மறுநாள் குழுத் தலைவர் வந்தார். காலிப் பெட்டிமேல் காதை வைத்துக் கேட்டார்.

“சத்தம் இல்லை, கொட்டுறதும் இல்லை. இப்படியொரு கட்டுப்பாட்டை நான் எங்கயும் பார்த்ததில்லை,” என்று நெகிழ்ந்தார். எல்லா அலுவலகங்களும் உடனடியாக மூன்று பெட்டிகள் வைக்க வேண்டும் என்று அங்கேயே உத்தரவும் எழுதினார். தேனீயைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

கார் கிளம்பியதும் தட்டச்சர் மெல்லக் கேட்டார். “இவரு போன வருஷமே ஓய்வு பெற்றுட்டாருல்ல சார்?”

“தெரியும்யா,” என்றார் தலைமை எழுத்தர், கார் போன திசையைப் பார்த்தபடி. “வீட்டுல இருப்புக்கொள்ளலை போல. விடு.”

யாரும் சிரிக்கவில்லை. தேனக்கா குழாயடியில் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு, தேனீக்களின் தட்டுகளில் தண்ணீர் ஊற்ற மாடிப்படி ஏறினார்.