மோசல் ஆற்றங்கரை அந்தோனியார்

பிரெடெரிசியா, டென்மார்க்,
ஆகஸ்ட் 2009

அன்புள்ள ரஜிதா அக்காவுக்கு,

தங்கை ஜெனிதா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். நீங்களும் சுகமா என்று கேட்பது கடிதத்தின் வழக்கம். இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்று கேட்கிறேன். ஏப்ரலில் ஷெல்லடிக்குள் மாத்தளனிலிருந்து தொலைபேசியில் பேசியபோது "பிறகு எடுக்கிறன்" என்று சொல்லி வைத்தீர்கள். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. எங்கள் சுவாமியாருக்குத் தெரிந்த ஒரு கன்னியாஸ்திரி செட்டிகுளம் அகதி முகாம்களுக்குப் போய்வருகிறாராம். கடிதம் கொடுத்தால் கூடாரம் கூடாரமாக விசாரிப்பாராம், சுருக்கமாக எழுதட்டாம். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குச் சுருக்கமாக எழுத வராது. ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுகிறவள் என்பதால் என்னிடம் மிஞ்சிக் கிடக்கும் கதையும் அதிகம்.

போன கிழமை ஜெர்மனிக்குப் போனோம். ஒவ்வொரு வருடமும் கெவலார் மாதா திருநாளுக்கு இங்கிருந்து ஒரு பஸ் போகும். ஒழுங்கு செய்பவர் தவராஜா அண்ணை. அவர் தை மாதமே, திருநாள் முடிய மோசல் ஆற்றுப் பக்கம் கோட்டைகளும் திராட்சைத் தோட்டங்களும் பார்த்து ஒரு இரவு தங்கிவருவதாகப் பேசி முடித்திருந்தார். மே மாதம் ஊரில் சண்டையோடு எல்லாம் முடிந்த பிறகு யாருக்குக் கோட்டை பார்க்க மனம் வரும்? ஆனால் படுக்க ஒழுங்கு செய்த இடம் அங்கேதான், பஸ் சாரதியும் எழுதிக் கொடுத்த பாதையை விட்டு விலகமாட்டேன் என்று நின்றுவிட்டான். அதனால் ஐம்பது பேரும் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு, விருப்பமில்லாமல் சுற்றுலா போனோம். தவராஜா அண்ணை பஸ்ஸிலேயே ஒலிவாங்கியைப் பிடித்துச் சட்டம் போட்டார். "படம் எடுக்கிற ஆக்கள் எடுங்கோ. ஆனா ஒருத்தரும் பல்லைக் காட்டப்படாது. நாளைக்குப் படம் ஊர்ப்பக்கம் போனா, சனம் அங்க கிடந்து சாக இவை கோட்டை வாசல்ல நிண்டு இளிக்கினம் எண்டு சொல்லுவினம்."

ட்ரியர் என்ற பட்டணத்தில் ரோமர் கட்டிய கறுப்பு வாசல் ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் ஐம்பது பேரும் செத்தவீட்டு முகத்தோடு வரிசையாக நின்றோம். அக்கம்பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்கள் ஏதோ அஞ்சலி நடக்கிறதென்று தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். கொக்கம் கோட்டையில் வழிகாட்டிப் பெண் எங்கள் முகங்களைப் பார்த்துப் பார்த்து மிகவும் சோர்ந்துபோனாள். கோட்டை பிடிக்கவில்லையா என்று கேட்டாள். "நல்ல கோட்டை. ஆனா இந்த வருசம் எங்களுக்குப் பிடிக்காது" என்றார் தவராஜா அண்ணை. அவள் பாவம், எங்கள் மனம் தேற வைன் வரவழைத்தாள். பஸ்ஸில் எங்கள் பக்கத்துச் சீற்றில் வந்த விமலராணி மாமி அந்தக் கிளாஸை இரண்டு விரலால் தள்ளிவைத்தார். மேலேயிருந்து பார்த்தால் ஆறு வளைந்து வளைந்து போகிறது, கரை முழுக்கத் திராட்சைக் கொடி. அழகாக இருந்தது அக்கா. அழகாக இருந்ததாலேயே எனக்குக் கோபம் வந்தது. அதை உங்களுக்குத்தான் முதலில் காட்டியிருக்கவேண்டும்.

பிறகு சாப்பிட ஒரு சின்னக் கிராமத்தில் இறங்கினோம். அங்கே கல் பாலத்தடியில் ஒரு பழைய சிலை. நீளமான அங்கி, மொட்டைத் தலை, கையில் எதையோ அணைத்துப் பிடித்திருக்கிறார், மழையில் தேய்ந்து என்னவென்று தெரியவில்லை. விமலராணி மாமி புட்டுப் பார்சலைக் கீழே வைத்தார். "அந்தோனியார்! கையில பாருங்கோ, குழந்தை யேசு!" காணாமற் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் வழியிலேயே வந்து நின்றால் யார் விடுவார்கள்? கெவலாரில் மிஞ்சிய மெழுகுதிரிகள் எல்லாம் வந்தன. மாமி கைலேஞ்சியில் காசை முடிந்து சிலையின் கையில் கட்டினார். பிறகு தன் தம்பியின் பேரைச் சத்தமாகச் சொன்னார். மே மாதத்துக்குப் பிறகு யாரும் வாயால் சொல்லாத பேர்கள், அக்கா, ஒவ்வொன்றாக வந்தன. நானும் உங்கள் பேரைச் சொன்னேன். எனக்கே கேட்காத அளவு மெதுவாகச் சொன்னேன். அப்பா மட்டும் பஸ்ஸடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சண்டையை நிறுத்தச் சொல்லிக் கொப்பன்ஹேகன் பாராளுமன்ற வாசலில் பனியில் நின்று, உங்களைத் தேடித் தரச் சொல்லிச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நடந்து, கடைசியில் அவர் யாரிடமும் எதுவும் கேட்பதை விட்டுவிட்டார். கடவுளிடமும்தான்.

அப்போதுதான் மாமியின் மகள் கிருபாஷினி என் சட்டையை இழுத்தாள். இங்கே பிறந்தவள், பள்ளியில் ஜெர்மன் படிக்கிறாள். சிலைக்குப் பின்னால் இருந்த பலகையை வாசித்துவிட்டு அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அக்கா, இது சாமியே இல்லை. முந்தி இஞ்ச ஆயரின்ர வைன் பீப்பாயளுக்குக் காவல் வைச்ச ஆள். காவலுக்கு நிண்டபடியே ஒரு முழுப் பீப்பாயைக் குடிச்சு முடிச்சவராம். கையில இருக்கிறது குழந்தை இல்லை, சாடி. அம்மாட்டைச் சொல்லட்டோ?" சொன்னால் கொன்றுவிடுவேன் என்றேன். நான் ஒரு ஆளை அப்படி அதட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பெண்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துவிட்டு, பல நாளைக்குப் பிறகு பசியோடு புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதை எப்படிக் கெடுப்பது? குடிகாரர் என்ற விடயம் எங்கள் இரண்டு பேரோடும் போகட்டும். நீங்களும் யாருக்கும் சொல்லவேண்டாம்.

கூடாரத்தில் வெயில் கடுமையாக இருக்கும், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். அத்தானுக்கும் பிள்ளைக்கும் எங்கள் அன்பு. இந்தக் கடிதம் வேறு யார் கையிலாவது கிடைத்தால் அவர்களுக்கும் என் வணக்கம், ரஜிதா ஞானசுந்தரம் என்று ஒருவரைத் தெரியுமா என்று அவர்கள் பக்கத்துக் கூடாரத்தில் கேட்கட்டும்.

உங்கள் அன்புத் தங்கை,
ஜெனிதா

பிற்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போக விமலராணி மாமி வந்தார். கிருபாஷினி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். மாமி ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடித்தார். பிறகு எங்கள் வீட்டுத் தொலைபேசியிலேயே தவராஜா அண்ணையை எடுத்து, ஒக்டோபர் விடுமுறைக்கு அந்தப் பாலத்தடிக்கே திரும்ப ஒரு பஸ் பிடிக்கச் சொன்னார். அவர் மறுமுனையில் கத்தியது குசினிவரை கேட்டது. "விமலராணி அக்கா, அது பீப்பாயைக் குடிச்ச வெறிக்குட்டி எண்டு தெரிஞ்ச பிறகுமோ?" அப்பா எழுந்து வந்து தொலைபேசியை வாங்கினார். "தெளிவா இருந்த ஆக்கள் எல்லாரையும் கேட்டு முடிச்சாச்சு, தவராஜா. எனக்கும் ஒரு சீற் போடு."