பதினோரு நாற்காலிகளும் உன் மகளும்

ஓர்லிக் தெரு, பிட்ஸ்பர்க்
செப்டம்பர் 18, புதன்கிழமை

அன்பும் மரியாதையும், கொஞ்சம் பயமும் கலந்த ஜெனவீவ் அக்காவுக்கு,

உன் தம்பி ரீஜிஸ் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம், இடது முழங்காலைத் தவிர. அங்கே உன்னையும், அத்தானின் ரத்த அழுத்தத்தையும், அவர் வளர்க்கும் தக்காளிச் செடிகளையும் சேர்த்தே விசாரிக்கிறேன். போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய், அதனால்தான்.

நீ கேட்டது ஒரே கேள்வி. ஐரிஸ் சேர்ந்திருக்கும் இந்தத் தலைமைப் பயிற்சி உருப்படியான காரியம்தானா, இல்லை சனிக்கிழமை நீ கிளீவ்லாண்டிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடவா? சட்டக் கல்லூரியின் ஜனவரி வகுப்பில் அவளுக்காக வைத்திருக்கும் இடம் திங்கள்கிழமை வரைதான் என்கிறாய். ‘நீ என்ன சொல்கிறாயோ அதுதான் முடிவு’ என்று வேறு எழுதிவிட்டாய். அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாக என் பேச்சுக்கு நீ மதிப்புக் கொடுத்திருக்கிறாய். அதனால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். முப்பத்து நான்கு வருடம் பஸ் ஓட்டியவன், ஆகையால் போகிற வழியில் நாலு இடத்தில் நிற்கும், பொறுத்துக்கொள்.

மொத்தம் பன்னிரண்டு பேர். எல்லோரும் போன மே மாதம்தான் பட்டம் வாங்கினவர்கள். ஒன்பது மாதப் பயிற்சி. நகர மன்றத்தில் சில வாரம், தொழிற்சங்கத்தில் சில வாரம், ஒரு கம்பெனியில், ஒரு தேர்தல் பிரசாரத்தில் என்று ஊரையெல்லாம் சுற்றிவிட்டு வெளியே வந்தால் பொதுக் காரியங்களில் தலைவர்கள் ஆகிவிடுவார்களாம். என் வீட்டில்தானே தங்கியிருக்கிறாள், முதல் நாள் சாயங்காலம் திரும்பி வந்த ஐரிஸிடம், “என்ன வேலைம்மா கொடுத்தாங்க?” என்று கேட்டேன். “கேள்வி கேக்கறதுதான் மாமா வேலை” என்றாள். “பதில் யாரு சொல்லுவா?” என்றேன். “அதையும் நாங்கதான் கேக்கணும்” என்றாள். வட்டமாக உட்கார்ந்து ஒரு கூட்டம் போடுகிறார்கள். அது முடிந்ததும், அந்தக் கூட்டம் எப்படி நடந்தது என்று பேச இன்னொரு கூட்டம். வீட்டிலும் விடுவதில்லை. முட்டைக்கோஸ் நூடுல்ஸ் செய்திருந்தாள், உப்பு ஜாஸ்தி என்றேன். உடனே நோட்டை எடுத்துவிட்டாள். “மாமா, இது நீங்க கவனிச்சதா, இல்ல நீங்களா முடிவு பண்ணிக்கிட்டதா?” என்கிறாள். “நாக்குல பட்டதும்மா” என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

அதெல்லாம் வீட்டோடு போயிற்று. இந்த வாரம்தான் வினை தெருவுக்கு வந்தது. மூன்று மூன்று பேராகப் பிரித்து, கூட்டத்துக்கொரு தெருவில் இறக்கிவிட்டார்கள். போனில் தேடக் கூடாது, எதையும் படித்துக்கொண்டு வரக் கூடாது, கண்ணால் பார்த்து, ஆட்களைக் கேட்டு, ‘இந்தத் தெருவில் உண்மையில் தீர்மானிக்கிறவர் யார்?’ என்று கண்டுபிடிக்க வேண்டும். வியாழக்கிழமை எல்லோர் முன்னாலும் நின்று பதில் சொல்ல வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் ஐரிஸ் கூட்டத்துக்கு விழுந்தது நம் தெரு. சொந்தக்காரர்களைக் கேட்கக் கூடாது என்பதும் ஒரு விதி. “மாமா, நீங்க கணக்குல வரமாட்டீங்க” என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள். நாற்பது வருடமாக இங்கே குடியிருக்கிறேன், நான் கணக்கில் வரமாட்டேனாம்.

அக்கா, நீ இந்த ஊரை விட்டுப் போய் முப்பது வருடம் ஆகிறது. வாசலில் நாலு வண்டி நிற்கிற அளவுக்கு வீடு கட்டிக்கொண்டுவிட்டாய். எங்கள் நாற்காலி விவகாரம் உனக்கு மறந்துகூடப் போயிருக்கும். தெரு அதேதான். செங்குத்தாக ஏறுகிறது, நாற்பது வீட்டுக்கு இருபத்தைந்து வண்டி நிறுத்த இடம். வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவன் அந்த இடத்தில் ஒரு பழைய சமையலறை நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவான். அவன் திரும்பி வரும்வரை அதை யாரும் தொடமாட்டார்கள். சட்டத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. ஆனால் போலீஸ்காரர்கூட அந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டுதான் போவார். உன் மகளுக்கு இது எங்கே தெரியும்? நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து, இடம் போய்விடுமே என்று வண்டியை எடுப்பதே இல்லை. என் வாசலில் நாற்காலி கிடந்து அவள் பார்த்ததே கிடையாது.

நேற்று, செவ்வாய்க்கிழமை, முழங்கால் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. நாற்காலியைப் போட்டுவிட்டுப் போனேன். மதியம் உன் மகளும், மினசோட்டாவிலிருந்து வந்திருக்கும் ஆண்டெர்ஸ் என்ற பையனும், மெம்பிஸ்காரி ஒருத்தியும் தெருவைக் ‘கவனித்திருக்கிறார்கள்’. ஆண்டெர்ஸ் ஆறரை அடி, அதற்கு மேல் ஒரு அடிக்கு மரியாதை. அவன்தான் கண்டுபிடித்தானாம். தெரு ஓரத்தில் பதினோரு நாற்காலிகள், ஒன்றிலும் ஆளில்லை. இந்தத் தெரு மக்களுக்கு வெளியே உட்கார்ந்து நாலு பேரோடு பேச ஆசை, ஆனால் பேசத் துணையில்லாமல் நாற்காலியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. மூன்று பேருக்கும் கண் கலங்கிவிட்டதாம். பதினொன்றையும் அலுங்காமல் தூக்கிக்கொண்டு போய், தெரு முனையில் இருக்கும் காலி மனையில் வட்டமாகப் போட்டு, ‘மாலை ஆறு மணி. நீங்கள் பேசுங்கள், நாங்கள் கேட்கிறோம்’ என்று அட்டையில் எழுதி மாட்டிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மேல் தெரு தீயணைப்பு மண்டபத்தில் பிங்கோ ஆட்டம். ஆட வருகிறவர்கள் ஓர்லிக் தெருவில் ஒரு காலி இடம்கூட ஆயுளில் பார்த்ததில்லை. நேற்று பதினோரு இடம். நான் ஐந்தரை மணிக்குத் திரும்பினால், என் வாசலில் யாரோ ஒருவருடைய நீல வண்டி, பின்கண்ணாடியில் ‘பிங்கோ என் உயிர்’ என்று ஒட்டியிருக்கிறது. வேலையிலிருந்து வருகிறவர்கள் ஒவ்வொருவராக நடுத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிக் கத்துகிறார்கள். திருமதி சாந்தூச்சி மாடி ஜன்னலில் இருந்தபடி, “எவன் வீட்டுப் புள்ளைங்க இதெல்லாம்? நாற்காலியில கை வச்சவன் நல்லா இருப்பானா?” என்று சாமி பெயரையெல்லாம் வரிசையாக இழுக்கிறாள். நான் அவசரமாக மேலே பார்க்காமல் நடந்தேன்.

ஆறு மணிக்குத் தெருவே காலி மனையில் நின்றது. முப்பத்தோரு பேர் அக்கா, எண்ணிப் பார்த்தேன். நகர மன்ற உறுப்பினர் கூப்பிட்டபோது நாலு பேர் வந்தோம், அதிலும் ஒருவர் காப்பிக்காக. உன் மகளுக்கு முகமெல்லாம் வெளிச்சம். ஆண்டெர்ஸ் வாசற்படியில் நிற்கிற கல்யாண வீட்டுக்காரன் மாதிரி ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து வரவேற்கிறான். “வாங்க சார், வந்ததுக்கு ரொம்ப நன்றி.” “டேய், என் நாற்காலி எங்கடா?” “நீங்க இவ்வளவு வெளிப்படையா பேசறதுக்கும் நன்றி சார்.” வந்தவர்களுக்கு வேறு வழியில்லை. வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த இடமில்லை, நாற்காலியை விட்டுப் போகவும் மனமில்லை. ஆளாளுக்குத் தன் நாற்காலியைத் தேடிப் பிடித்து, வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதே என்று அதில் உட்கார்ந்துவிட்டார்கள். நானும்தான். அப்படித்தான் அந்தக் கூட்டம் ஆரம்பமானது.

எனக்கு எதிரில் வந்து நின்றவன் என் பக்கத்து வீட்டு எமில் பெர்க்கோவிச். நாங்கள் நாலு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. தப்பு அவன் பக்கம், உனக்கு என்னைத் தெரியும். அவன் வாசலில் தீயணைப்புக் குழாய் இருப்பதால் அங்கே நிறுத்த முடியாது, நாலு வீடு கீழே தள்ளித்தான் அவன் நாற்காலி போடுவான். அவன் உட்காரவில்லை, நின்றுகொண்டே கத்தினான். “இது எங்க இடம்! உங்களுக்கு விளையாட்டா இருக்கா?” ஐரிஸ் நோட்டை விரித்துக்கொண்டு, “அந்த இடம் உங்களுக்கு ஏன் முக்கியம்னு சொல்லுங்க அங்கிள்” என்று கேட்டாள். எமில் தெருப் பக்கம் கையை நீட்டினான். “அதோ நடுரோட்டுல விளக்குப் போட்டு நிக்குதே, அந்த வண்டியில என் பொண்டாட்டி இருக்கா. வாரத்துல மூணு நாள் சிறுநீரக மெஷின்ல போட்டு எடுக்கறாங்க. அங்கிருந்து வந்தா அவளால பத்தடி நடக்க முடியாது. இன்னிக்கு நான் அவள எங்கம்மா இறக்கறது?” என்றான்.

எமில் மனைவி லூபாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும்தான் எங்களுக்குத் தெரியும், அக்கா. இவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியாது. உன் மகள் நோட்டைக் கீழே போட்டுவிட்டு வண்டிக்கு ஓடினாள். எமிலின் நாற்காலியை ஆண்டெர்ஸ் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான். லூபாவை அதில் உட்காரவைத்து, ஒரு பக்கம் எமில், ஒரு பக்கம் ஆண்டெர்ஸ், மேடேறிப் போனார்கள். ஆண்டெர்ஸ் உயரத்துக்கு நாற்காலி ஒரு பக்கமாகச் சாய, லூபா அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். “எமில், கல்யாணத்தன்னிக்குக்கூட நீ என்னைத் தூக்கல!” என்று கத்துகிறாள். “அப்ப நீ கேக்கலையேடி!” என்கிறான் அவன். திருமதி சாந்தூச்சி ஜன்னலிலிருந்து கை தட்டினாள். நானும் ஒரு கை கொடுத்திருப்பேன், முழங்கால் இடம் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உன் மகள் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். உருளைக்கிழங்கு வைத்த பியரோகிக் கொழுக்கட்டை பொரித்து வைத்தேன், தொடவில்லை. “ஒரு நோயாளியோட இடத்தைப் பிடுங்கிட்டு, நான் பொதுக் காரியம் படிக்கறேனாம் மாமா. இது எனக்கு வராது. அம்மா சொன்னதுதான் சரி. அம்மாவுக்கு எழுதிடுங்க, நான் போயிடறேன்” என்றாள். ஆகையால் அக்கா, என் முடிவும் அதுதான். இந்தப் பயிற்சி ஒன்றுக்கும் உதவாது. இரண்டு வாரத்தில் ஒரு தெருவையே நடுத்தெருவில் நிறுத்திவிட்டார்கள், ஒன்பது மாதம் விட்டால் ஊர் தாங்காது. சனிக்கிழமை காலையிலேயே கிளம்பி வா. அவள் பெட்டியை நான் கட்டி வைக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். தக்காளிக்குத் தண்ணீர் ஜாஸ்தி ஊற்ற வேண்டாம் என்று சொல். உன் வீட்டில் எல்லோரும் நோய் நொடியில்லாமல் நூறு வயது இருக்க தினமும் வேண்டிக்கொள்ளும்,

உன் தம்பி,
ரீஜிஸ் ஹுடாக்

பின்குறிப்பு: இது வெள்ளிக்கிழமை காலையில் எழுதுவது. மேலே இருப்பதை இன்னும் தபாலில் போடவில்லை, அதைப் படித்துவிட்டு நம்பாதே. நாளைக் காலை நீ வண்டியை எடுப்பதற்குள் கையில் கிடைக்க, இரண்டையும் சேர்த்து விரைவுத் தபாலில் போடுகிறேன்.

புதன் மதியம் ஐரிஸ் அழுகையை நிறுத்திவிட்டு நகர அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். நோயாளி இருக்கும் வீட்டுக்கு நகரமே ஒரு பலகை நட்டு இடம் ஒதுக்கலாமே, பெர்க்கோவிச் வீட்டுக்கு ஏன் ஒதுக்கவில்லை என்று கேட்டிருக்கிறாள். நாலு வருடத்துக்கு முன்பே எமில் விண்ணப்பித்திருக்கிறான். அவன் வாசலில் குழாய் இருப்பதால் பக்கத்து வீட்டு வாசலில்தான் ஒதுக்க முடியும், அந்த வீட்டுக்காரர் கையெழுத்துப் போடவில்லை என்று சொல்லி, பழைய காகிதத்தின் நகலையும் கொடுத்துவிட்டார்கள்.

அந்த வீட்டுக்காரர் நான்தான் அக்கா. அன்றைக்கு எமில் வந்து, “இதுல ஒரு கையெழுத்து போடுப்பா” என்றான். எதற்கு என்று அவனும் சொல்லவில்லை, வீம்புக்காரன். நானும் கேட்கவில்லை. என் வாசல் இடத்தை அமுக்கப் பார்க்கிறான் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டேன். அன்றிலிருந்துதான் பேச்சில்லை. செவ்வாய்க்கிழமை லூபாவைத் தூக்க ஒரு கை கொடுக்க முடியாதபடி என் முழங்கால் ஒன்றும் அப்படி வலிக்கவுமில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஐரிஸ் காகிதத்தை மேஜையில் என் முன்னால் வைத்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நேற்று எல்லோர் முன்னாலும் நின்று, ‘இந்தத் தெருவில் தீர்மானிக்கிறவர் யார்?’ என்று கேட்டதற்கு, “எங்க மாமா. நாலு வருஷமா, ஒரு கையெழுத்து போடாமலேயே” என்று சொல்லிவிட்டாளாம். நாற்காலி எடுத்த தப்பையும் மறைக்கவில்லையாம். பயிற்சியை நடத்தும் இயக்குநர் அம்மா எழுந்து நின்று, இந்த வருஷம் கிடைத்த முதல் சரியான பதில் இதுதான் என்றாராம். பெட்டியைக் கட்டட்டுமா என்று கேட்டேன். “எதுக்கு மாமா? திங்கக்கிழமை தொழிற்சங்க ஆபீஸுக்குப் போகணும்” என்கிறாள். சட்டக் கல்லூரிக்கு நீயே போன் செய்து சொல்லிவிடு, உன்னிடம் சொல்ல அவளுக்குப் பயம்.

நேற்று சாயங்காலமே புதுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு எமில் வீட்டில் கொடுத்துவிட்டேன். பலகை நடும்வரை பொறுப்பானேன் என்று என் வண்டியையும் எடுத்துவிட்டேன். ஆகவே சனிக்கிழமை நீ வர வேண்டாம். எப்படியும் வந்துதான் தீருவாய், உன்னை எனக்குத் தெரியும். மலைக்குக் கீழேயே வண்டியை நிறுத்திவிட்டு நடந்து ஏறி வா. நானும் அங்கேதான் நிறுத்துகிறேன். என் வாசலில் இருப்பது லூபாவின் இடம்.