இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை

திருத்தணி,
புதன்கிழமை.

என்றும் என் மதிப்புக்குரிய பாவா கதிரவன் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் ஆறுமுகம் கைகூப்பி எழுதிக்கொண்டது. தணிகைமலையான் தயவில் இங்கே நான், பத்மா, மகள் ஹேமாவதி, விசைத்தறிகள் நான்கு ஆகிய எல்லோரும் நலம். அங்கே உங்கள் நலத்தையும் கௌரி அக்காவின் முழங்கால் நலத்தையும் அறிய ஆவல். இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. போன் செய்தால் அக்கா ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். அதோடு, நான் வாய்விட்டுச் சொல்வதை வேறு யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று சில நாட்களாக எனக்கு ஒரு பயம். யார் என்று கேட்காதீர்கள், அதைத்தான் எழுதப்போகிறேன்.

ஹேமா விமானி ஆகப் போகிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். நம் குடும்பத்தில் இதுவரை ஆகாயத்துக்கு மிக அருகில் போனவர் தென்னைமரத்திலிருந்து விழுந்த நம் சித்தப்பாதான். பெரிய விமானக் கம்பெனியில் கேப்டன் ஆவதற்கு இரண்டு வழி இருக்கிறதாம். முதல் வழியில், கம்பெனியே பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்து, நம் செலவில் படிக்கவைத்து, முடித்ததும் தன்னிடமே வேலைக்கு வைத்துக்கொள்ளும். இரண்டாவது வழியில், ஏதாவது ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கி, அங்கேயே மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் டீச்சராக இருந்து, பறந்த மணிக்கணக்கைச் சேர்த்துக்கொண்டு, பிறகு பிடித்த கம்பெனிக்கு மனுப் போட வேண்டும். எனக்கு முதல் வழிதான் பிடித்தது. கம்பெனி என்றால் பெரிய விமானம், இரண்டு இன்ஜின், பக்கத்தில் நரைத்த மீசையோடு ஒரு கேப்டன். பள்ளி என்றால் ஷேர் ஆட்டோவுக்கு இறக்கை வைத்தது போல ஒரு வண்டி, ஒரே இன்ஜின், அதற்குள் என் மகள் தனியாக. இருப்பது ஒரே பெண், பாவா. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தச் சின்ன விமானத்தை யூடியூபில் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நம் வீட்டில் பெண் கொடுப்பதானாலும் நிலம் வாங்குவதானாலும் தெருக்கோடி கங்கையம்மனிடம் பூக் கட்டிப் பார்க்காமல் செய்ததில்லை. ஒரு பொட்டலத்தில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. பூக்கடை மணியம்மை கண்ணை மூடிக்கொண்டு அம்மன் காலடியிலிருந்து ஒன்றை எடுப்பாள், அதுதான் உத்தரவு. நந்தியாவட்டை வந்தால் கம்பெனி, செவ்வரளி வந்தால் பள்ளி என்று நினைத்துக்கொண்டேன். பாவா, பெரியவர் நீங்கள், மன்னிக்க வேண்டும். அம்மனுக்கு எதற்கு வீண் சிரமம் என்று இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையே வைத்தேன். மணியம்மையிடம் விமானம் என்று சொன்னால் பஸ் ஸ்டாண்டு வரை பரவிவிடும் என்பதால், பெண்ணுக்கு வரன் விஷயம் என்றேன். அவள் எடுத்தாள், இலையைப் பிரித்தாள், உள்ளே செவ்வரளி. "இன்னா ஆறுமுகம், செவப்பு வந்தா நல்லதுதான? மூஞ்சி ஏன் இப்டி வெளுத்துப்போச்சி?" என்றாள். மிச்சப் பொட்டலத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு ஓடிவந்து தறிக்கொட்டகையில் பிரித்துப் பார்த்தேன். அதில் வெள்ளை இருந்தது.

சரி, பூ பறித்தபோது கண் ஏமாற்றியிருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி கட்டினேன். இந்தத் தடவை ஒவ்வொரு பூவையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பாவு நூலால் சுற்றி, அறுந்த இழையை இணைக்கப் போடும் நம் முடிச்சைப் போட்டேன். அதை அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் முடியும் என்று உங்களுக்கே தெரியும். கடைசி முடிச்சை இறுக்கினேன், நான்கு தறியும் ஒரேயடியாக நின்றன. கரண்ட் இருந்தது, மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஓர் இழைகூட அறுபடவில்லை. தறி ஓடும் வீட்டில் பிறந்தவனுக்கு அந்த அமைதி எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கூரைக்கு மேலே எங்கோ ஒரு விமானம் போகும் சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் போகாமல் ஒரே இடத்தில் நிற்பது போல. பொட்டலங்களைக் கைக்குள் வைத்துக்கொண்டு கோயில் வரைக்கும் விரலைத் திறக்காமல் நடந்தேன். மணியம்மை ஒன்றை எடுத்தாள். என் முடிச்சு அப்படியே இருந்தது, நானே பல்லால் கடித்து அறுத்தேன். உள்ளே செவ்வரளி, பாவா. மணியம்மைக்கு உடம்பு உதறியது. அவளுடையதே அல்லாத ஒரு குரலில், "எறங்குற எடத்துல காத்து பக்கவாட்டுல அடிச்சிகினு கீதுடா. மூக்க காத்துப் பக்கம் திருப்பிப் புடிச்சிகினு எறங்கச் சொல்லு" என்றாள்.

நான் வரன் என்று சொல்லியிருந்ததால், போகிற வீட்டில் அக்கம்பக்கத்தார் சரியில்லை என்கிறாள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, விபூதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் சாப்பாட்டின்போது ஹேமாவிடம் சும்மா சொன்னேன். அவள் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, "நைனா, இத யாரு சொன்னது? ஓடுபாதையில காத்து சைடுல அடிச்சா அப்படித்தான் எறக்கணும். நேத்து பஸ்ல வரும்போது அதத்தான் படிச்சிகினு வந்தேன்" என்றாள். நான் கடித்த முருங்கைக்காயைச் சக்கையோடு விழுங்கிவிட்டேன்.

அதற்குமேல் தாங்காமல் பத்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "ஆங், நான்தான் மாத்துனேன். நீ ரெண்டுலயும் வெள்ள வெக்கிறத பாத்துகினுதான் இருந்தேன். அம்மனயே ஏமாத்துவியா? ஒண்ண எடுத்துட்டு செவப்பு வெச்சேன்" என்றாள். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. தறி நின்றது வோல்டேஜ் கோளாறு; மணியம்மை உளறியது வெயில். ஆக அம்மன் எதுவும் சொல்லவில்லை, எல்லாம் என் மனைவி செய்த வேலை. எனவே கம்பெனி வழி என்று முடிவு செய்துவிட்டேன். நீங்கள் திங்கட்கிழமை ஹேமாவுடன் அந்தக் கம்பெனியின் ஆபீசுக்குப் போய்ப் பெரிய மனிதராகப் பேசித் தர வேண்டும். பல்லாவரத்தில் இத்தனை வருடமாக விமானங்களின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பவர் நீங்கள். உங்களைவிட விவரம் தெரிந்தவர் நம் சொந்தத்தில் கிடையாது.

கங்கையம்மன் பிரசாதமாக ஒரு நந்தியாவட்டைப் பூவைக் காகிதத்தில் மடித்து இந்த உறையில் வைத்திருக்கிறேன். அக்காவிடம் கொடுங்கள். அக்காவின் காலுக்கும் உங்கள் பேச்சுக்கும் தணிகைமலையான் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்,
ஆறுமுகம்.

பி.கு.: மேலே எழுதியதைப் பத்மா படித்துவிட்டாள். "மொத வெள்ளிக்கெழம மாத்துனது நானு. ரெண்டாவது வெள்ளிக்கெழம நான் ஏது இங்க? திருவாலங்காட்டுல எங்க அக்கா பொண்ணு வளைகாப்புல இல்ல இருந்தேன்?" என்கிறாள். அன்றைக்கு நானே சோறு வடித்தது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. ஹேமாவும் இல்லை. மெடிக்கல் டெஸ்ட் முடித்துப் பகலெல்லாம் உங்கள் வீட்டில்தான் இருந்தாள், நீங்களே சாட்சி. ஹேமாவும் கடிதத்தை வாங்கிப் படித்தாள். "எந்த வழியில போனாலும் மொதல்ல அதே சின்ன விமானந்தான் நைனா, தனியாத்தான் ஓட்டணும்" என்றாள். நான் அம்மனை ஏமாற்றியதற்குப் பலனே இல்லை. பிறகு, "அம்மன கேட்ட, மணியம்மைய கேட்ட, மாமாவயும் கேக்குற. என்ன ஒரு வார்த்த கேட்டியா?" என்றாள். கேட்டேன். "சொல்லிக் குடுத்துகினே பறக்குறேன் நைனா. எனக்கு அவசரம் இல்ல. நீ பயப்படாத" என்றாள். பயம் போகவில்லை, ஆனால் இன்றைக்குச் சோறு இறங்கியது. ஆகவே திங்கட்கிழமை எங்கேயும் போக வேண்டாம். மடித்த பூவை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று கை போகிறது, தைரியம் இல்லை, அப்படியே ஒட்டுகிறேன். பிரித்ததும் போன் செய்து நிறத்தை மட்டும் சொல்லுங்கள், வேறு எதுவும் பேச வேண்டாம். நான் வைத்தது வெள்ளை.