பன்னிரண்டாவது வளைவில் நின்ற பஸ்

பேசாமல் உட்கார்ந்திருக்கும் வேலை என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் எனக்குக் கிடைத்தது. அதையும் கெடுத்தேன். தனியாகக் கூடக் கெடுக்கவில்லை, ஒரு பள்ளிக்கூட மைதானம் நிறைய ஆட்களைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு கெடுத்தேன்.

உலகம் அழியப்போகிறது என்று எல்லாரும் சொல்லி, கடைசியில் அழியாமல் ஏமாற்றிவிட்டுப் போன இரண்டாயிரமாவது வருஷம் அது. எனக்கு நாற்பத்தெட்டு வயசு. (இப்போது என்ன ஆகிறது என்று விரல் விட்டு எண்ண வேண்டாம்.) வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். ஒரே மகள் சுமதியை அதற்கு முந்தின வருஷம்தான் மலைக்குக் கீழே ராசிபுரம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தேன். மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் வீட்டில் மிச்சம் இருந்தது நானும் ஒரு வெள்ளாடும். பேச ஆள் இல்லாமல் அந்த ஆட்டிடமே பேசுவேன். ஆறு மாதத்தில் அது என் தலையைக் கண்டாலே வேலியைத் தாண்டி அடுத்த காட்டுக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

கோடை லீவில் பள்ளிக்கூட வாத்தியார் கூப்பிட்டு அனுப்பினார். "காலேஜுப் புள்ளைங்க எட்டுப் பேரு வாராங்க. இங்கயே பத்து நாள் தங்கி ஏதோ நாடகம் பழகறாங்களாம். சோறாக்கிப் போடுவீங்களா?" என்றார். எட்டு வயிறு என்று அவர் நினைத்துச் சொன்னார். எனக்குக் கேட்டது எட்டு ஜோடிக் காது. வாத்தியார் அடுத்த வார்த்தை சொல்வதற்குள் பானையைத் தேய்க்கப் போய்விட்டேன்.

எட்டுப் பேரும் வந்து இறங்கினார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த களைப்பில் ஆளுக்கு ஒரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் வெளிறிப் போய் நின்றார்கள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர்களில் பெரியவனாகத் தெரிந்த செந்தில் கை எடுத்துக் கும்பிட்டான்.

"அக்கா, ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. நாங்க பண்றது பேச்சே இல்லாத நாடகம். ஒடம்பாலயே எல்லாத்தையும் காட்டோணும். அதனால காலையில எந்திரிச்சதுல இருந்து பொழுது எறங்கற வரைக்கும் நாங்க பேச மாட்டமுங்க."

"சோறு திங்கறப்பவுமா சாமி?"

"அப்பவும்தானுங்க."

"கொழம்பு பத்தலைன்னா?"

"கையக் காட்டுவமுங்க."

பொழுது இறங்கியதும் பேசுவார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பொழுது இறங்கியதும் அவர்கள் செய்தது தூக்கம். நாள் முழுக்கக் குதித்து, உருண்டு, ஒருவன் தோளில் ஒருவன் ஏறி நின்ற பிள்ளைகள் சாப்பிட்ட கையோடு சாய்ந்துவிடுவார்கள். ஆடாவது பரவாயில்லை, அது ‘மே’ என்றாவது சொல்லும்.

ஒரு நாள் பொறுத்தேன். இரண்டாம் நாள் பலாக்கொட்டைக் குழம்பில் உப்பை இரண்டு கை அள்ளிப் போட்டேன். உப்புக் கரித்தால் மனுஷனாய்ப் பிறந்தவன் ‘ஐயோ’ என்பான். ஒரு ‘ஐயோ’ கிடைத்தால் போதும், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றதெல்லாம் நான் பேசிக்கொள்வேன்.

முதல் வாய் வைத்ததும் எட்டுப் பேரும் அப்படியே உறைந்துபோனார்கள். நிர்மலா என்று ஒரு பெண், ஒல்லியாக, இரட்டைச் சடை போட்டிருப்பாள். அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு மண்சுவர் மழையில் சரிகிற மாதிரி மெதுவாகச் சரிந்தாள். இன்னொருவன் இல்லாத குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு ஓடினான். இரண்டு பேர் அவளைத் தாங்கினார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துச் சந்தோஷத்தில் கையைத் தட்டிக்கொண்டு, சோற்றை அப்படியே விட்டுவிட்டு மைதானத்துக்கு ஓடி, அதையே பத்துத் தடவை பழகினார்கள். மறுநாள் மிளகை அள்ளிப் போட்டேன். அதுவும் நாடகத்தில் சேர்ந்தது. இப்படியே போனால் என் சமையலை வைத்தே நாடகத்தை முடித்துவிடுவார்கள் என்று பயந்து, உப்பையும் உறைப்பையும் ஒழுங்காகப் போட ஆரம்பித்தேன்.

ஐந்தாம் நாள்தான் அவர்களுக்குச் சரியான விஷயம் சிக்கியது. சமையல்கட்டு ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். செந்தில் இல்லாத ஸ்டீயரிங்கைப் பிடித்துக் குந்தி உட்கார்ந்தான். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஒருவன் அவன் பின்னால் உட்கார்ந்தான், அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர். ஒருத்தி இல்லாத கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். செந்தில் இடது பக்கம் சாய்ந்தான், எட்டு உடம்பும் இடது பக்கம் சாய்ந்தது. வலது பக்கம் சாய்ந்தான், எட்டும் வலது. எங்கள் மலை பஸ்! அந்தக் குலுக்கல், அந்தத் தூக்கம், வாந்தி வருகிறவன் ஜன்னலுக்குத் தாவுவது, எல்லாம் அச்சாக இருந்தது. ஒருவர் மேல் ஒருவர் சரிந்து, தோளில் தலையை இடித்துக்கொண்டு, எட்டுப் பேரும் ஒரே கட்டாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் நறுக்காத கீரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் மேல் யாரும் சாய்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஏழாம் நாள் நிர்மலா ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்து காலைச் சுளுக்கிக்கொண்டாள். கால் மரவள்ளிக் கிழங்கு போல வீங்கிவிட்டது. பஸ்ஸில் மூட்டையோடு உட்காரும் கிழவி வேஷம் அவளுக்கு. அன்றைக்குப் பொழுது இறங்கியதும் எட்டுப் பேரும் தூங்காமல் என் அடுப்படிக்கு வந்தார்கள்.

"அக்கா, நிர்மலா எடத்துல நீங்கதான் உக்காரோணும்" என்றான் செந்தில்.

"கெழவி வேசத்துக்கு நானா? கண்ணு நல்லாத் தெரியுதா உனக்கு?"

"வேற ஆளு இல்லீங்கக்கா. மூட்டைய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாப் போதும். நாங்க சாஞ்சா நீங்களும் சாயோணும். ஒண்ணே ஒண்ணு, வாயத் தொறக்கக் கூடாது."

நிர்மலா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஞாயித்துக்கெழம எங்க சார் மார்க் போட வாராருங்கக்கா. ஒரு வார்த்தை கேட்டாலும் எட்டுப் பேருக்கும் மார்க் இல்லைன்னு சொல்லிட்டாரு. அப்பறம் ஒரு வருசம் மறுபடியும் படிக்கோணும். எங்கப்பா இன்னொரு வருசமெல்லாம் அனுப்ப மாட்டாரு. இந்த வருசமே கையில கால்ல உழுந்துதான் வந்தேன்."

எரிகிற அடுப்பின் மேல் கையை நீட்டிச் சத்தியம் செய்தேன். "என் வாயில இருந்து ஒரு வார்த்தை வராது சாமி. வந்தா இந்த அடுப்பு எனக்கு எரியாமப் போவட்டும்."

அந்த இரண்டு நாள் பழக்கத்தில் நான் ஒரு சத்தம் போடவில்லை. செந்தில் ஆச்சரியப்பட்டான். ரகசியம் வேறொன்றும் இல்லை, வெற்றிலை. வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டால் பேச்சு எங்கே வெளியே வரும்? எனக்கு முன்னால் செந்தில், இடது பக்கம் முருகன் என்று ஒரு தடியன். வளைவில் அவன் என் தோளில் விழுவான். பழக்கம் முடிந்து மூட்டையை இறக்கச் சொல்லும்போதெல்லாம், ‘இன்னொருக்கா பாத்துக்கலாமே’ என்று சைகை காட்டுவேன். கிழவிக்கு நடிப்பில் எவ்வளவு அக்கறை என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மைதானம் நிறைந்துவிட்டது. சுத்துப்பட்டு ஊர்ச் சனமெல்லாம் தரையில். நடுவில் ஒரு நாற்காலியில் சார், மடியில் நோட்டு. நான் மூட்டையோடு போய் உட்காரும்போது செந்தில் காதில் சொன்னான்: "அக்கா, வெத்தலையத் துப்பிடுங்க. வாய் செவப்பாத் தெரியுது."

துப்பினேன். அங்கேதான் பிடித்தது சனி.

பஸ் கிளம்பியது. செந்தில் முதல் வளைவுக்குச் சாய்ந்தான். எல்லாரும் சாய்ந்தோம். முருகன் என் தோளில் விழுந்தான். என் வாய் சொன்னது: "ஒண்ணு."

நான் சொல்லவில்லை, என் வாய் சொன்னது. மலை பஸ்ஸில் ஏறினால் அடிவாரத்தில் இருந்து வளைவுக்கு வளைவு எண்ணிக்கொண்டே வருவது எனக்குப் பழக்கம். நிஜ பஸ்ஸில் என்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. இந்த பஸ்ஸில்தான் என்ஜினே கிடையாதே!

"ரெண்டு." செந்திலின் காது சிவந்தது. "மூணு." முருகன் முழங்கையால் இடித்தான். அதுவும் நிஜ பஸ்ஸில் இடிக்கிற மாதிரியே இருந்ததால் எனக்கு இன்னும் வசதியாகப் போய்விட்டது. "நாலு."

ஏழாவது வளைவில் முன்வரிசையில் இருந்து இன்னொரு குரல் சேர்ந்தது. பஸ் நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் கருப்பண்ணன். "ஏழு!" என்றார். எட்டுக்குப் பெண்கள் பக்கம் சேர்ந்துகொண்டது. பத்துக்கு மைதானமே எண்ணியது. எண்ணியது மட்டுமா, தரையில் உட்கார்ந்தபடி எல்லாரும் இடதும் வலதுமாகச் சாய்ந்தார்கள்.

பிள்ளைகள் பழகி வைத்திருந்தது மொத்தம் பன்னிரண்டு வளைவு. பன்னிரண்டு முடிந்ததும் பஸ் உச்சிக்கு வந்துவிடும். எல்லாரும் மேலே வானத்தைப் பார்த்து அசையாமல் நிற்க வேண்டும், அதோடு முடிவு. அப்படியே நின்றார்கள். மைதானம் அமைதியானது. நானும் அப்போதுதான் வாயைப் பொத்தினேன்.

கருப்பண்ணன் எழுந்தார். "ஏனுங்க தம்பி, பன்னெண்டுல நிறுத்திப்போட்டா நாங்க எப்படி ஊடு போயிச் சேர்றது?"

"இன்னும் அம்பத்தெட்டு கெடக்குது!" என்றது பெண்கள் பக்கம்.

"டைவரு பாதியிலயே தூங்கிட்டாம் போல!"

செந்தில் சாரைப் பார்த்தான். சார் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் சொல்ல மாட்டேன். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு, இல்லாத ஸ்டீயரிங்கைத் திரும்பப் பிடித்தான்.

பதின்மூன்று.

முப்பதில் கம்பியில் தொங்கிய பெண்ணுக்குக் கை மரத்துப்போனது. நாற்பத்தொன்றில் முருகன் நிஜமாகவே வாந்தி எடுத்தான். (மூட்டை மேல். நல்லவேளை, உள்ளே வைக்கோல்தான்.) கூட்டத்தில் இருந்து ஒரு எலுமிச்சம்பழம் கை மாறிக் கை மாறி அவனிடம் வந்து சேர்ந்தது. வழியில் ஒரு வளைவில் பெரியவர் ஒருவர், "கொஞ்சம் நிறுத்துப்பா, சாமி கும்பிட்டுக்கறேன்" என்றார். நிறுத்தினார்கள். கும்பிட்டார். "போலாம் ரைட்!" என்றார்.

எழுபது என்று சொன்னபோது மலையே சொன்ன மாதிரி இருந்தது. அடுத்து கைதட்டல் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஊர் வந்துவிட்டது அல்லவா, சனமெல்லாம் எழுந்து, துண்டை உதறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒருவர் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டிவிட்டா போவார்கள்?

மைதானத்தில் பிள்ளைகளும் சாரும் மூட்டையும் நானும். சார் எழுந்து வந்தார்.

"மொதல்ல யார் எண்ணுனது?"

ஏழு பேர் பஸ்ஸில், ஒருத்தி சுவரோரம். யாரும் வாயைத் திறக்கவில்லை. என் பக்கம் கண்ணைக் கூடத் திருப்பவில்லை. கையைத் தூக்கினேன்.

"நானுங்க. ஆனா நான் பேசலீங்க. பேசக் கூடாதுன்னுதான் சொன்னாங்க, எண்ணக் கூடாதுன்னு யாரும் சொல்லலீங்க."

சார் சிரிக்கவில்லை. "எதுக்குங்க எண்ணுனீங்க?"

"மகளக் கட்டிக்குடுத்து, கீழ உட்டுட்டு ஒத்தையா பஸ் ஏறி வந்தனுங்க. அன்னைக்கு ஆரம்பிச்சது. எண்ணிக்கிட்டே வந்தா அழுவாச்சி வராதுங்க. பாதியில உட்டா வந்துருமுங்க."

சார் நோட்டில் என்னவோ எழுதி, மூடி, கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை பஸ்ஸில் பிள்ளைகள் கிளம்பினார்கள். விரதம் முடிந்துவிட்டது, இனிமேல் தாராளமாகப் பேசலாம். ஆனால் மார்க் என்ன ஆகுமோ என்ற கலக்கத்தில் ஒருத்தரும் பேசவில்லை. நிர்மலா மட்டும் படிக்கட்டில் நொண்டி ஏறும்போது என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள். திரும்பி வந்து எட்டுத் தட்டையும் கழுவிக் கவிழ்த்தேன். ஆடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தது. அதற்கு ஒன்றும் சொல்லவில்லை நான்.

இரண்டு மாதம் கழித்து ஒரு இன்லேண்டு லெட்டர் வந்தது. மூன்றாவதோடு நின்றவள் நான், கூட்டெழுத்து ஓடாது. கருப்பண்ணன்தான் டீக்கடையில் வைத்துப் படித்துக் காட்டினார். நிர்மலா எழுதியிருந்தாள்: ‘அக்கா, எட்டுப் பேரும் பாஸ். சத்தம் வந்ததுக்குச் சார் கொஞ்சம் மார்க் குறைச்சுட்டாரு. ஆனா காலேஜ்ல போடும்போது எழுபது வளைவும் போடணும்னு சொல்லிட்டாரு. போட்டோம். அங்க யாரும் எண்ணலை. பாதியிலயே நிறைய பேரு எழுந்து போயிட்டாங்க. நாங்களே மனசுக்குள்ள எண்ணிக்கிட்டோம். ரொம்ப தூரமா இருந்துச்சு அக்கா.’

கருப்பண்ணன் படித்து முடித்து, லெட்டரை மடித்துக் கொடுத்துவிட்டு, கழுவின டம்ளரையே மறுபடியும் கழுவினார்.

கதை அதற்குள் கண்டக்டர் வாயில் ஏறி மலை இறங்கி ராசிபுரம் வரை போய்விட்டது. அடுத்த வாரமே சுமதி சிரித்துக்கொண்டே வந்து இறங்கினாள். "ஏம்மா, பன்னெண்டாவது வளைவுல பஸ்ஸே நின்னுபோச்சாமா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எதற்கு எண்ணினாய் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்றைக்குப் பிடித்து எங்கள் வீட்டில் ‘பன்னெண்டு’ என்றால் பாதியில் விட்ட வேலை என்று அர்த்தம். மருமகன் சுவருக்கு அரைகுறையாகச் சுண்ணாம்பு அடித்தால் பன்னெண்டு. பேத்தி வீட்டுப்பாடத்தை மூடி வைத்துவிட்டு டிவி பார்த்தால் பன்னெண்டு. சம்பந்தி வீட்டார் கூட இப்போது அப்படித்தான் சொல்கிறார்களாம்.

சுமதி ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் இருக்கிறேன் என்று சொல்லித்தான் மலையேறி வருகிறாள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ பையைக் கட்ட ஆரம்பித்துவிடுவாள். நிறுத்தம் வரைக்கும் கூடப் போவேன். பஸ் வந்து நிற்கும்போது, "பன்னெண்டுதானா கண்ணு?" என்று கேட்பேன். விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே ஏறுவாள். அவளைச் சிரிக்க வைக்கத்தான் கேட்கிறேன் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.